எட்டு மூட்டை விதை மஞ்சள்

தொண்டாமுத்தூர்
14-6-1993

அன்புள்ள ராஜாமணி நங்கைக்கு,

உங்கள் நாத்தனார் தெய்வாத்தாள் எழுதுவது. நீங்களும் அண்ணனும் கயல்விழியும் சுகம்தானே? இங்கே நானும் இவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, வாயும் அப்படித்தான்.

அண்ணன் டெம்போவில் கொண்டுவந்து இறக்கிய எட்டு மூட்டை விதை மஞ்சளும் நல்லபடியாக வந்து சேர்ந்தது. பவானியில் இருந்து இவ்வளவு தூரமும் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். சட்டையெல்லாம் மஞ்சள். கல்யாணமாகி ஆறு வருடமாக வைகாசி தவறாமல் பிறந்த வீட்டுச் சீராக விதை மஞ்சள் வருவது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு மட்டும்தான். மூட்டை இறங்கும்போது வேண்டுமென்றே வாசலில் போய் நின்றேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்க்க வேண்டாமா? இந்த வருடம் என்னைத் தவிர இன்னும் பதினோரு வீடுகளுக்கு விதை கொடுத்திருப்பதாக அண்ணன் சொன்னார். விதை மஞ்சள் என்றால் ஆறுச்சாமி மஞ்சள்தான் என்று சொல்கிறார்களாமே. அவர் அதைச் சொல்லும்போது மீசை துடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நடவு முடிந்தது. அதில் ஒரு சண்டை. இவர் ரேடியோவில் எதையோ கேட்டுவிட்டு, நடும் முன் விதையை மருந்துத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று நின்றார். அத்தை விடவில்லை. "சீரா வந்த மஞ்சளைக் கொண்டுபோய் விஷத்துல முக்குவியா? மஞ்சத்துணி கட்டி, குங்குமம் வெச்சு வந்தது கண்ணு அது" என்றார்கள். எனக்கும் அத்தை சொன்னதுதான் சரி என்று பட்டது. இவர் குமாரசாமி என்ற பேருக்கு ஏற்ற மாதிரி கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டுத் திரும்பி வந்தார். எட்டு மூட்டையும் மஞ்சள் காட்டின் நடு வாய்க்காலுக்குத் தெற்கே முழுவதற்கும் சரியாக இருந்தது. வடக்கே மீதி இடத்துக்குச் சந்தையில் இரண்டு மூட்டை வாங்கி, அதைத் தன் ஆசைக்கு மருந்தில் முக்கி நட்டார். விலைக்கு வாங்கியதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று அத்தை விட்டுவிட்டார்கள்.

கயல்விழிக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? உங்கள் கையால் நாலு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன்.

உங்கள்
தெய்வாத்தாள்


பவானி
30-6-1993

அன்புள்ள தெய்வாத்தாளுக்கு,

உன் கடிதம் கண்டோம். இங்கே எல்லோரும் நலம். கயல்விழிக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது, பாடம்தான் பிடிக்கவில்லை. உன் மாமியாரின் முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடு. வாய்க்கு என்னிடம் மருந்தில்லை.

விதை நட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். முளைப்பு எப்படி? எல்லா வரிசையும் ஒன்றுபோல் முளைத்ததா, இடையில் சொட்டை விழுந்திருக்கிறதா? பார்த்து எழுது. மருந்தில் முக்கியிருந்தாலும் தப்பில்லை அம்மணி, சாமி கோபித்துக்கொள்ளாது. சரி, நட்டதை இனி என்ன செய்வது. மழை பிடித்தால் காட்டில் தண்ணீர் நிற்கவே விடாதே. வடிகாலை அடிக்கடி போய்ப் பார். உன் வீட்டுக்காரர் இல்லாத நாளிலும் நீ பார்த்துக்கொள். இதை மட்டும் மறந்துவிடாதே.

உன் அண்ணன் வாசலில் நிற்கிறார், தபால் பெட்டியில் போட வேண்டும் என்று. முளை விட்டதும் எழுது.

அன்புடன்
ராஜாமணி


தொண்டாமுத்தூர்
22-8-1993

அன்புள்ள நங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம், உங்கள் அனைவரின் நலத்தையும் மருதமலை முருகன் பார்த்துக்கொள்வான். முளைப்பைக் கேட்டு எழுதிவிட்டு இரண்டு மாதம் பதிலில்லாமல் காத்திருந்திருப்பீர்கள். என்னைத் திட்டாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மஞ்சள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. தெற்கே அங்கங்கே சொட்டை உண்டு, ஆனால் முளைத்தது எல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கிறது. காலையில் மாடு கறந்ததும் ஒரு சுற்று சுற்றி வராமல் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. எங்கே இலை சுருண்டிருக்கிறது, எங்கே புழு ஓட்டை போட்டிருக்கிறது என்று நான்தான் முதலில் பார்த்துச் சொல்வேன். "மஞ்சக் காட்டுக்குப் போலீஸ் வந்திருச்சு" என்று களை எடுக்கிற மாசாணியம்மாள் கேலி செய்வாள்.

இப்போது காரணம். எனக்கு நாற்பத்தைந்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஆறு வருடத்துக்குப் பிறகு, நங்கை. இவருக்கும் அத்தைக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணனிடம்கூட இப்போது சொல்ல வேண்டாம், அவர் உடனே டெம்போ பிடித்துவிடுவார். மூன்று மாதம் முடியட்டும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

உங்கள்
தெய்வாத்தாள்


பவானி
2-9-1993

என் தங்கமே தெய்வாத்தாள்,

உன் கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன், பால் பொங்கி வழிந்ததே தெரியவில்லை. உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் தபால் எது வந்தாலும் அவர்தானே முதலில் பிரிக்கிறார். படித்துவிட்டுத் தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று தானாகவே சந்தையில் போய் இரண்டு கிலோ பேரீச்சம்பழம் வாங்கிவந்து, கயல்விழிக்கு என்றார். அவளுக்குப் பேரீச்சம்பழமே ஆகாது.

கனமான குடத்தைத் தூக்காதே. பப்பாளி வேண்டாம். சென்னிமலைக்குப் பால்காவடி நேர்ந்துகொண்டிருக்கிறேன். மற்றபடி இங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

உன் நங்கை
ராஜாமணி


தொண்டாமுத்தூர்
3-10-1993

நங்கைக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு இன்லண்ட் தாளைக் கிழித்துவிட்டேன். குழந்தை தங்கவில்லை.

போன மாதம் ஒன்பதாம் தேதி. மேற்கே மலையில் பிடித்த மழை விடவேயில்லை. இவர் கோயமுத்தூர் போயிருந்தார். தண்ணீர் நிற்கவே விடாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டின் வடக்குக் கோடிக்குப் போய் வடிகாலை வெட்டிவிட்டேன். அங்கேயே வயிற்றைப் பிடித்து இழுத்தது. சேலையெல்லாம் நனைந்து, மழைத் தண்ணீரா என்ன என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். மாசாணியம்மாள்தான் பார்த்து ஓடிவந்து, தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் மஞ்சளில் அடி இலைகள் ஓரத்தில் இருந்து வெளுத்துக் காய ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் பாத்தி பாத்தியாகப் பரவிவிட்டது. செடியைப் பிடித்தால் தண்டு கையோடு வருகிறது. கிழங்கை அழுத்தினால் தண்ணீர் வடிகிறது, கிட்டே போக முடியாத நாற்றம். அத்தை பார்த்தார்கள். "ரத்தத்தோட மஞ்சக்காட்டுக்குள்ள நின்னுபோட்டு வந்திருக்கற. தூரமானவ நெழல் பட்டாலே ஆகாத பயிர் அது. காடு எப்படி அம்மணி பொறுக்கும்?" என்றார்கள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றில் இருந்து எந்த நாளிலும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இவர் வாயைத் திறப்பதில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் மஞ்சளைப் பற்றி விசாரிக்கிறார்கள். இந்த வீடு மஞ்சளுக்கு அழுகிறது, என் வயிற்றுக்கு அழ ஆளில்லை. நான் அழுதாலும் மஞ்சளுக்காக அழுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கும் அத்தை சொல்வது உண்மையோ என்று இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் நானே கொன்றுவிட்டேனோ என்று இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விதை நன்றாகத்தானே இருந்தது? உங்கள் காட்டில் இப்படி ஏதாவது உண்டா? விதையில் குறை என்று ஒரு வார்த்தை இருந்தால் எனக்குப் போதும். உடனே எழுதுங்கள்.

தெய்வாத்தாள்


பவானி
12-10-1993
(தபாலில் சேர்க்காத கடிதம்)

என் கண்ணே தெய்வாத்தாள்,

நீ ஒன்றையும் கொல்லவில்லை. முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு படி. காட்டைக் கெடுத்தது நீ இல்லை. விதைதான்.

மாசியில் இங்கே மஞ்சள் வெட்டும்போது கிழக்கு மூலையில் ஒரு பத்துப் பாத்தி இதே மாதிரிதான் இருந்தது. அடி இலை காய்ந்து, கிழங்கு நீர் கோத்து. நான்தான் உட்கார்ந்து பொறுக்கினேன். கையை எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை இரண்டு நாள் போகவில்லை. இந்த மூலைக் கிழங்கு விதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். உன் அண்ணன், அழுகியதைத் தள்ளியாயிற்று, மீதி வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடும் என்றார். இந்த முறை விதை கேட்டவர்கள் அதிகம். எல்லோருக்கும் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார். மூலைக் கிழங்கையும் நல்ல கிழங்கோடு கலந்து மூட்டை கட்டினார். உன் மூட்டைகளுக்கு மஞ்சத்துணி கட்டிக் குங்குமம் வைத்தது நான். தெரிந்தே வைத்தேன்.

இப்போது நம் காட்டிலும் ஆவணியிலேயே அழுகல் தட்டிவிட்டது. வாழை வைக்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லி அந்தப் பக்கத்தை உழுதுபோட்டார். விதை வாங்கியதில் நாலு வீட்டில் வந்திருப்பதாகக் கேள்வி. அவர் போய்ப் பார்க்கவும் இல்லை.

தண்ணீர் நிற்கவிடாதே என்று நான் எழுதியது இதற்காகத்தான். முழுதாகச் சொல்ல வாய் வராமல் பாதியைச் சொன்னேன். அந்தப் பாதியை நம்பி நீ மண்வெட்டியோடு மழையில் போய் நின்றிருக்கிறாய். ஐயோ, அம்மணி.

இந்த இடத்தில் உன் அண்ணன் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு, "பதினோரு ஊட்டுக்குக் குடுத்திருக்கறேன் ராஜாமணி. ஒரு ஊட்ல ஒத்துக்கிட்டா அத்தன ஊட்லயும் ஒத்துக்கோணும். சீருன்னு சொல்லி அழுகலைக் குடுத்தான்னு பேராயிரும். பொறகு அவ இந்த ஊட்டு வாசலை எப்படி மிதிப்பா?" என்றார். தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைக்கப் போகிறேன்.


பவானி
1-11-1993

அன்புள்ள தெய்வாத்தாளுக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு ஆறவில்லை. பதில் தாமதமாகிவிட்டது. கயல்விழிக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. உடம்பைப் பார்த்துக்கொள். கறிவேப்பிலை, பேரீச்சம்பழம் நிறையச் சாப்பிடு, இரத்தம் ஊறும். கடவுள் கொடுப்பதைக் கொடுக்கிற நேரத்தில் கொடுப்பார்.

மஞ்சளுக்கு வேரில் ஊற்றுகிற மருந்து இருக்கிறதாம். உன் வீட்டுக்காரரை விசாரிக்கச் சொல். விதையைக் கேட்டிருந்தாய். விதை நன்றாகத்தான் இருந்தது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் காலக் கோளாறு.

தீபாவளிக்கு இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். உன் அண்ணன் உனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். பச்சையில் அரக்குக் கரை.

அன்புடன்
ராஜாமணி


தொண்டாமுத்தூர்
26-12-1993

அன்புள்ள நங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியமா? கயல்விழிக்குக் காய்ச்சல் விட்டுப் போனதில் சந்தோஷம். தீபாவளிக்கு வர முடியவில்லை. காட்டுத் தோஷம் கழிகிற வரைக்கும் விசேஷத்துக்கு எங்கேயும் போகக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். சேலையை எனக்காக வைத்திருக்க வேண்டாம், நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.

தெற்கே முழுவதையும் பிடுங்கி எரித்துவிட்டார்கள். அத்தை ஆள் விட்டுக் காட்டுக்குப் பரிகாரம் செய்தார்கள். ஈரச் சேலையோடு வரப்பில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள், விழுந்தேன். எழுந்திருக்கும்போது மாசாணியம்மாள்தான் கை கொடுத்தாள். அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் வைத்து அவள் என்னிடம் சொன்னது: "ஏனுங்கம்மணி, நானும் பதினஞ்சு வருசமா இந்தக் காட்டுல களை எடுக்கறனுங்க. தூரமான நாள்ல ஊட்டுல உக்காந்தா எனக்குக் கூலி யாருங்க குடுப்பாங்க? அப்பல்லாம் அழுகாத காடு, இப்ப எதுக்குங்க அழுகோணும்?"

எனக்கு இது தோன்றவேயில்லை பாருங்கள். தோட்டத்துக்காரி பட்டால்தான் தீட்டு, கூலிக்காரி பட்டால் களை எடுப்பு.

பிடுங்குவதற்கு முன்னால் அவள் ஒளித்து வைத்திருந்த நாலு செடியை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறி விவசாய ஆபீசுக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்கு என்று வீட்டில் சொன்னேன், பொய்யும் இல்லை. அங்கே மெஹராஜ் என்று ஒரு அதிகாரி அம்மா. கிழங்கை வெட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். காட்டைப் படம் போட்டுக் காட்டுங்கள், எங்கே என்ன விதை என்று எழுதுங்கள் என்றார். போட்டுக் காட்டினேன். நிறையக் கேள்வி கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அது என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு என்னிடம் எழுத ஏதாவது இருந்தால் எழுதுங்கள். காத்திருப்பேன்.

தெய்வாத்தாள்


பவானி
3-3-1994

அன்புள்ள தெய்வாத்தாளுக்கு,

நலமா? உன் கடிதத்துக்குப் பதில் போட இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பொங்கல் வேலை, பிறகு உன் அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு, இப்படியே நாள் ஓடிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. கயல்விழி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பங்குனி ஆறாம் தேதி சீர் வைத்திருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

இன்னொன்றை எழுதக் கை வரவில்லை. ஆனால் நீ இங்கே வந்து, எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொள்வதைவிட இது மேல் என்று எழுதுகிறேன். அத்தை முறைக்கு நீதான் அவளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உன் மாமியார் சென்னிமலைக் கோயிலில் நம் பங்காளி வீட்டார் யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். பேச்சு இங்கே வரைக்கும் வந்துவிட்டது. மஞ்சளை அழுக வைத்த கை, வயசுக்கு வந்த பெண் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் நாளைக்கு அவள் வயிற்றுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதனால் உன் பெரியப்பா மகளை ஊற்றச் சொல்லலாம் என்று முடிவாகியிருக்கிறது. உன் அண்ணனும் கூடத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வந்து பக்கத்தில் நின்றால் போதும். கயல்விழி உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ராஜாமணி


தொண்டாமுத்தூர்
11-3-1994

ராஜாமணி நங்கைக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை அண்ணன் முதலில் பிரித்துப் படிப்பார். சின்ன வயதில் எனக்கு வந்த தபாலையும் அவர்தான் பிரிப்பார். படிக்கட்டும்.

மெஹராஜ் அம்மா எழுதிக் கொடுத்ததை இப்போது சொல்கிறேன். இது கிழங்கழுகல் நோய், விதைக் கிழங்கோடு வந்தது, மருந்தில் முக்கி நேர்த்தி செய்யாமல் நட்டதால் பரவியது. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நான் போட்ட படத்தையே திருப்பிக் காட்டினார். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே மழை. தெற்கே நம் விதை, முழுக்க அழுகியது. வடக்கே சந்தை விதை, மருந்தில் முக்கியது, அன்றைக்கும் பச்சையாக நின்றது. "நீங்க அன்னிக்கு எங்கம்மா நின்னீங்க?" என்று கேட்டார். வடக்குக் கோடியில் என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் இரத்தம் விழுந்த மண்ணில் ஒரு செடிகூடச் சாகவில்லை, நங்கை. அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து நான் சிரித்தேன். மாசாணியம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிவந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் என் குழந்தைக்காக மட்டும் அழுதேன்.

அந்தத் தாளை அன்றே அத்தை முன்னால் வைத்திருக்கலாம். என் பழி போயிருக்கும். ஆனால் சீர் என்று சொல்லி அழுகிய விதையைத் தங்கச்சிக்கே அனுப்பினான் என்று அண்ணன் பெயர் இந்தச் சீமை முழுக்க நாறியிருக்கும். அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்தது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவருக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தால் என் அண்ணன் ஓடிவந்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் மூட்டை கட்டும்போது உங்கள் கை கிழங்கில் பட்டிருக்குமே. தண்ணீர் நிற்கவிடாதே, எல்லா வரிசையும் முளைத்ததா என்று நீங்கள் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டேன். அப்புறமும் பழியை நான் சுமந்தேன். ஊருக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மட்டும், நீ இல்லை அம்மணி என்று ஒரு வரி வரும் என்று டிசம்பரில் இருந்து தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது உங்கள் சீர் அழைப்பு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த வீட்டிலேயே என் கை ஆகாது என்று தள்ளியதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் முறைக்கு அண்ணன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்தது இந்தக் கைதான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே தாளை எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு தரம் படித்தார். "ஏன் தெய்வாத்தா இத்தன நாளாச் சொல்லல?" என்றார். நீங்கள் ஏன் இத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அத்தையிடம் அவர்தான் சொல்லியிருக்கிறார். அத்தை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலையில், வடக்குக் காட்டில் மஞ்சள் வெட்ட ஆள் வருகிறார்கள், நீயும் போய்ப் பார் என்று மட்டும் சொன்னார்கள். போனேன். அரை வருடம் கழித்துக் காட்டுக்குள் கால் வைத்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

சீருக்கு நான் வரமாட்டேன். கயல்விழியிடம் உன் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் சொல்ல வருமே. அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யுங்கள். மீதிப் பதினோரு வீடுகளில் எங்கெங்கே மஞ்சள் அழுகியது என்று போய்ப் பாருங்கள். காட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடுப்படி வரைக்கும் போங்கள். அங்கேயும் பழிக்கு ஒருத்தியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அவளிடம் சொல்லுங்கள், நீ இல்லை என்று.

இப்படிக்கு
தெய்வாத்தாள்